சைக்கிள்காரர் விதியை மீறினால், மோதிய கார் ஓட்டுநர் மேல் தப்பே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சைக்கிள்காரர் சிவப்பு விளக்கில் புகுந்து வந்தால் அது தப்புதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் முன்னால் யார் வந்தாலும் நிறுத்தக்கூடிய வேகத்தில் போக வேண்டிய பொறுப்பு கார் ஓட்டுபவருக்கு அப்போதும் இருக்கிறது.

நெதர்லாந்துச் சட்டத்தைப் பாருங்கள். மோட்டார் வாகனம் சைக்கிள்காரரை இடித்தால், தவிர்க்கவே முடியாத விபத்து என்று ஓட்டுநர்தான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால், சைக்கிள்காரர் மேல் தவறு இருந்தாலும் பொதுவாகப் பாதி இழப்பீடாவது கொடுக்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அநேகமாக முழுவதும். இது இழப்பீட்டுக்கு மட்டும். ஓட்டுநரைக் குற்றவாளியாக்கும் விதி என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள்.

ஓட்டுநர் மேல் இந்தப் பொறுப்பை வைக்கக் காரணம் எளிது. 30 கி.மீ. வேகத்தைவிட 50 கி.மீ. வேகத்தில் காரின் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அடி யாருக்கு விழும் என்று சொல்லவே வேண்டாம்.

அப்புறம், எல்லா 'மீறலும்' மீறல் அல்ல. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதல் 'ஸ்டாப்' பலகையில் சைக்கிள்காரர் முழுதாக நிற்கத் தேவையில்லை. வேகம் குறைத்து, வழி விட்டுப் போகலாம். ஹெல்மெட் போடாததும் அப்படித்தான்: தலைக்காயத்தின் அளவைப் பற்றிப் பேச உதவும், யார் மோதியது என்பதற்கு அது பதில் ஆகாது.