பல்கலைக்கழக வேதியியல் துறையில் இடர் மதிப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது?

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், இடர் மதிப்பீடு (சோதனையில் யாருக்கு என்ன ஆபத்து, அதை எப்படித் தடுப்பது என்ற குறிப்பு) எழுதச் சொல்லிவிட்டார்கள், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

படிவத்தை அப்புறம் திறக்கலாம். முதலில் சோதனை செய்பவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். படிவத்தில் ‘திரவ நைட்ரஜன் பயன்பாடு’ என்று ஒரே வரிதான் இருக்கும். நேரில் பார்த்தால், ஒரு மாணவர் 10 லிட்டர் குடுவையோடு லிஃப்டில் ஏறிக்கொண்டிருப்பார். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. லிஃப்ட் பாதியில் நின்று குடுவை கவிழ்ந்தால் உள்ளே ஆக்சிஜன் குறைந்துவிடும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதும் தெரியாது, நேராக மயக்கம்தான். அதனால் குடுவை மட்டும் லிஃப்டில் போகட்டும். மேலே இன்னொருவர் நின்று வாங்கிக்கொள்ளட்டும். நடுவில் யாரும் ஏறாதபடி குடுவைமேலேயே எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள், கன்னடத்திலும் சேர்த்து.

தடுப்பு என்றதும் எல்லாரும் கையுறை என்று எழுதுகிறார்கள். அது கடைசி அரண். அந்தப் பொருள் இல்லாமலே முடியுமா, அளவைக் குறைக்கலாமா, பியூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுத்துவிடும் கண்ணாடிக் கதவுள்ள கூண்டு) செய்யலாமா என்று வரிசையாகக் கேளுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருந்தால், அது தோலில் பட்டால் தடவ, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் கட்டாயம் வேண்டும். டியூபை எடுத்துக் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

யாருக்கு ஆபத்து என்ற கட்டத்தில் ‘மாணவர்கள்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். காலையில் தரை துடைக்க வரும் அக்காவுக்கு, கழிவுக் கேன் எது, தண்ணீர்க் கேன் எது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அவரிடமே கேட்டு எழுதுங்கள்.