தாலுகா நிருபரும் பாரிஸ் அலுவலகமும்

வணக்கம்.

எங்கள் கல்லூரியில் 'ஊடக சுதந்திரத்துக்கு சர்வதேச ஒத்துழைப்பு' என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. நாள் முழுக்க அறம், நெறி, கூட்டுறவு என்றே பேச்சு. என் மைத்துனர் ஒரு நாளிதழுக்கு தாலுகா நிருபர். சம்பளம் கிடையாது. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். பிரஸ் மீட்டில் பணம் வைத்துத் தரும் கவரை வாங்க மறுத்தால் சக நிருபர்களே முறைக்கிறார்கள். அவரிடம் போய் சர்வதேச ஒத்துழைப்பு என்றால் சிரிப்பார். அப்புறம், பல நாட்டு நிருபர்களைச் சேர்த்துப் புலனாய்வு செய்யும் இந்த அமைப்புகளுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்புள்ளிகளின் ரகசிய வெளிநாட்டு நிறுவனங்களை 2016இல் அம்பலமாக்கிய பனாமா ஆவணங்களில் அமெரிக்கர்கள் ஏன் இல்லை? மேற்கு நாடுகள் தங்களுக்குப் பிடிக்காதவர்களை அடிக்க வைத்திருக்கும் கம்புதானே இது? எங்கள் பக்கத்துக் கடற்கரை மணலைப் பற்றி எழுத இவர்களில் யார் வந்தார்கள்?

ஆர்., நாகர்கோவில்

அன்புள்ள ஆர்.,

மேடையில் பேசப்படும் ஒத்துழைப்பு வேறு, நிருபர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒத்துழைப்பு வேறு. முதலாவது விஷயத்தில் உங்கள் எரிச்சல்தான் எனக்கும். 2019 ஜூலையில் பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து லண்டனில் ஊடக சுதந்திரத்துக்கு உலக மாநாடு நடத்தின. அப்போது அதே ஊரில், பெல்மார்ஷ் சிறையில், அமெரிக்க ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ச் இருந்தார். அவர் வெளியே வந்தது 2024 ஜூனில். எந்த அரசாங்கத்துக்கும் அடுத்த நாட்டு நிருபரின் சுதந்திரத்தில்தான் அக்கறை அதிகம். சரி, அதை விடுவோம்.

இரண்டாவதைப் பற்றிப் பேச மால்ட்டாவுக்குப் போக வேண்டும். 2017இல் ஐந்து லட்சம் பேர்கூட இல்லாத தீவு நாடு அது. அங்கே டாஃப்னி கருவானா கலிட்சியா தனி ஆளாக ஒரு வலைப்பதிவு நடத்தினார். பனாமா ஆவணங்கள் உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே, அமைச்சர் கொன்ராட் மிட்ஸிக்கும் பிரதமரின் தலைமை அதிகாரி கீத் ஷெம்ப்ரிக்கும் பனாமாவில் நிறுவனங்கள் இருப்பதை எழுதிவிட்டார். 2017 அக்டோபர் 16 பிற்பகல், வீட்டை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் அவர் கார் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அப்போது அவர் மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவற்றில் பல, குடும்பத்தின் தலையில் இறங்கின. அவதூறு வழக்கை ஆயுதமாக்குவது நமக்கும் பழக்கமான கதைதான். பத்திரிகையாளர்கள் மீது தமிழக அரசு போட்டிருந்த பல அவதூறு வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது நினைவிருக்கும்.

கொன்றவர்களின் கணக்கு எளிமையானது. எழுதுவது ஒரே ஆள். ஆள் போனால் செய்தியும் போகும்.

அந்தக் கணக்கு பொய்த்தது பாரிஸில் இருந்த ஒரு சிறிய அமைப்பால். பெயர் ஃபர்பிடன் ஸ்டோரீஸ். தொடங்கியவர் லோரான் ரிஷார். 2015 ஜனவரியில் சார்லி எப்டோ என்ற கேலிப் பத்திரிகையின் அலுவலகத்தில் படுகொலை நடந்தபோது, அதே மாடியில் எதிர்ப்பக்கம் இருந்தது இவர் வேலை பார்த்த நிறுவனம். கொல்லப்பட்ட, சிறைப்பட்ட, மிரட்டப்பட்ட நிருபர்கள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வது மட்டுமே அமைப்பின் நோக்கம். டாஃப்னி இறந்து ஆறு மாதம் கழித்து, 2018 ஏப்ரலில், 15 நாடுகளைச் சேர்ந்த 45 நிருபர்கள் அவர் விட்ட வேலையை ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். கார்டியன், லே மோந்த், ராய்ட்டர்ஸ் இவற்றோடு உள்ளூர் டைம்ஸ் ஆஃப் மால்ட்டாவும் சேர்ந்திருந்தது. இந்த யோசனை புதிதல்ல. 1976இல் அரிசோனாவில் டான் போல்ஸ் என்ற நிருபர் கார் குண்டில் இறந்தபோது, வெவ்வேறு பத்திரிகைகளின் 38 நிருபர்கள் அங்கே போய் இறங்கினார்கள். கொலையைத் துப்பறிய அல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்ததை முடிக்க.

'17 பிளாக்' என்று ஒரு துபாய் நிறுவனத்தின் பெயரை டாஃப்னி 2017 தொடக்கத்தில் பூடகமாக எழுதியிருந்தார். அது என்ன என்று வாசகர்களுக்குப் புரியவில்லை. கூட்டு விசாரணையில்தான் ஒரு மின்னஞ்சல் வெளிவந்தது. மிட்ஸி, ஷெம்ப்ரி இருவரின் பனாமா நிறுவனங்களுக்கும் பணம் தரப்போகும் நிறுவனங்களில் ஒன்றாக அதில் 17 பிளாக் குறிப்பிடப்பட்டிருந்தது. 2018 நவம்பரில் ராய்ட்டர்ஸும் டைம்ஸ் ஆஃப் மால்ட்டாவும் அதன் உரிமையாளரைக் கண்டுபிடித்தன. யோர்கன் ஃபெனெக், அரசின் பெரிய மின்நிலைய ஒப்பந்தத்தில் பங்குதாரர். மறு ஆண்டு நவம்பரில் அவர் தன் உல்லாசப் படகில் மால்ட்டாவை விட்டுக் கிளம்பியபோது கைது செய்யப்பட்டார். கொலைக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். பிரதமர் ஜோசப் மஸ்கட் பதவி விலகினார். குண்டு வைத்த சகோதரர்கள் இருவருக்கு 2022இல் ஆளுக்கு 40 ஆண்டு சிறை.

இனி நீங்கள் நக்கலாகக் குறிப்பிட்ட அறம். டாஃப்னியை இன்று தெய்வமாக்கிவிட்டார்கள். அவர் அப்படியில்லை. அரசியல்வாதிகளின் உடையையும் உருவத்தையும் கேலி செய்வார், வம்பு எழுதுவார். ஈக்ரான்ட் என்ற பனாமா நிறுவனம் பிரதமரின் மனைவியுடையது என்று அவர் எழுதியதற்கு ஆதாரம் இல்லை, காட்டப்பட்ட கையெழுத்துகளும் போலி என்று 2018இல் நீதி விசாரணை சொன்னது. கூட்டு விசாரணையின் அருமையை நான் இங்கேதான் பார்க்கிறேன். தனி ஆளுக்குக் கோபம் வரும், அவசரம் வரும். பத்து பத்திரிகைகள் ஒரே ஆவணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒருவர் நம்புவதை இன்னொருவர் சந்தேகிப்பார், மூன்றாமவரின் வக்கீல் அந்த வரியை வெட்டச் சொல்வார். சம்பந்தப்பட்டவருக்குக் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிப் பதில் கேட்டாக வேண்டும். பனாமா ஆவணங்கள் வெளியாவதற்குச் சில நாள் முன்பே ரஷ்ய அதிபர் மாளிகை, தங்கள் மீது தாக்குதல் வரப்போகிறது என்று அறிக்கை விட்டது. காரணம், கேள்விகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தன. நல்ல மனிதர்கள் கிடைப்பார்கள் என்று எதிர்பார்க்காமல், அவசரப்படுகிறவரையும் நிறுத்திவைக்கிற ஏற்பாடு இது. அறம் பற்றிய சொற்பொழிவுகளைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

பனாமா ஆவணங்களில் அமெரிக்கர் குறைவு என்பது உண்மை. ஆனால் அமெரிக்கப் பணக்காரன் பெயரை மறைத்து நிறுவனம் தொடங்க பனாமா வரை போக வேண்டியதில்லை. டெலவேர், நெவாடா போன்ற மாநிலங்கள் உள்நாட்டிலேயே இருக்கின்றன. மேலும், அது மொசாக் ஃபொன்சேகா என்ற ஒரே சட்ட நிறுவனத்தின் கோப்புகள். அங்கே போகாதவர் பெயர் அதில் எப்படி வரும்? அதே கோப்புகளால் பதவி இழந்த முதல் ஆள் ஐஸ்லாந்து பிரதமர், ஒரு நேட்டோ நாட்டுத் தலைவர். அந்த வேலையையும் ரசித்துச் சொல்ல வேண்டும். உள்ளூர் நிருபர் பேட்டி கேட்டால் பிரதமர் உஷாராகிவிடுவார். எனவே ஸ்வீடன் தொலைக்காட்சி கேட்டது. பேட்டி நடுவில் ஸ்வீடன்காரர் அவருடைய வெளிநாட்டு நிறுவனத்தைப் பற்றிக் கேட்டதும், காத்திருந்த ஐஸ்லாந்து நிருபர் வந்து தொடர்ந்தார். பிரதமர் எழுந்து போய்விட்டார்.

பணம் பற்றிய சந்தேகத்தை மட்டும் நான் தள்ளமாட்டேன். ஓசிசிஆர்பி என்ற பெரிய புலனாய்வு அமைப்பு அமெரிக்க அரசிடம் எவ்வளவு வாங்கியது என்று 2024 டிசம்பரில் பிரான்ஸின் மீடியாபார் உள்ளிட்ட சில பத்திரிகைகள் எழுதின. அடுத்த சில வாரங்களில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் அந்த அமைப்பு ஆட்குறைப்பு செய்ய வேண்டியதாயிற்று. காசு தருகிறவன் கையில் கடிவாளம் இருக்கும். அவன் சொல்லி எழுதினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் நிறுத்தினால் படுத்துவிடும் என்பது கண்ணெதிரே நடந்தது.

பலன் எப்போதும் மால்ட்டாவில் போல வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021இல், கைபேசிகளை வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய விசாரணையையும் இதே பாரிஸ் அமைப்புதான் ஒருங்கிணைத்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் குழு அமைத்தது. 29 கைபேசிகளில் 5இல் ஏதோ உளவு மென்பொருள், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022இல் அந்தக் குழு சொன்னது. யாரும் பதவி விலகவில்லை.

உங்கள் கடற்கரை மணலுக்கு வருகிறேன். தமிழகக் கடற்கரை மணல் கொள்ளை பற்றி சந்தியா ரவிசங்கர் என்ற நிருபர் 2017இல் தி வயர் இணைய இதழில் தொடராக எழுதினார், அதற்காக மிரட்டப்பட்டார். சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய நிருபர்களுக்கு நேர்ந்ததை 2019இல் ஃபர்பிடன் ஸ்டோரீஸ் எடுத்துக்கொண்டபோது தான்சானியா, குவாதமாலாவோடு இந்தியாவையும் சேர்த்தது. அதாவது, வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்தது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வேலையைத் தொடர. தமிழ் நாளிதழின் ஏழாம் பக்கத்தில் நாலு பத்தியாக வருகிற செய்தி பாரிஸ் வரை போவதில்லை.

உங்கள் மைத்துனருக்கு இதனால் என்ன? விளம்பர இலக்குக்கும் கவருக்கும் பாரிஸிலிருந்து தீர்வு வராது. அதை அவருடைய பத்திரிகை முதலாளி சம்பளம் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பயன்படலாம். கொலம்பியாவில் ரஃபேல் மொரேனோ என்ற உள்ளூர் நிருபர், தன் ஊர் ஊழலைப் பற்றிய ஆவணங்களைப் பாதுகாப்பாக வைப்பது குறித்து அந்தப் பாரிஸ் அமைப்போடு பேசிக்கொண்டிருந்தார். சில நாட்களில், 2022 அக்டோபரில், சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊழலை மற்றவர்கள் எழுதி முடித்தார்கள். உங்கள் மைத்துனர் மணலையோ குவாரியையோ தொடுகிறார் என்றால், கையிலிருக்கும் ஆவணங்களின் நகல் அவர் ஊரில் இல்லாத, வேறு பத்திரிகையில் வேலை செய்கிற ஒருவரிடமும் இருக்கட்டும். அப்படி ஒரு நகல் வெளியே இருப்பது மிரட்ட வருகிறவனுக்கும் தெரிந்திருக்கட்டும்.