நிழலுக்குள் ஏன் ஆரஞ்சுப் புள்ளிகள்?

கேள்வி: ஜனவரியில் குமாரகிருபா சாலையில் நடந்த சித்ர சந்தேயில், அல்சூர் ஏரியை முழுக்கப் புள்ளிகளாலேயே தீட்டியிருந்த ஓர் ஓவியத்தைப் பார்த்தேன். கிட்டே போனால் மரநிழலில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிகின்றன. தள்ளி நின்றால் தண்ணீர் மினுங்குகிறது. அத்தனை பளிச்சென்ற வண்ணங்களைப் பார்த்தும் மனம் அமைதியானது எப்படி?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கிட்டேயும் தள்ளியும் நின்று பார்த்தீர்களே, புள்ளி ஓவியத்தைப் பார்க்க வேண்டிய முறையே அதுதான். உங்களிடம் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை இருந்தால் அதன் உடலைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமுமாக, நீல நூலும் பச்சை நூலும் தனித்தனியே தெரியும். மயில்கழுத்து நிறத்தில் சாயம் தோய்த்த நூல் அதில் இருக்காது. கையை நீட்டிப் பிடித்தால் உங்கள் கண்ணே இரண்டையும் கலந்துவிடும்.

இந்த ஓவிய முறையின் வேரும் நெசவில்தான் இருக்கிறது. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை மேற்பார்த்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அந்த நூலுக்குப் பக்கத்தில் வரும் நிறத்தில் இருக்கிறது என்று கண்டறிந்து, 1839இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் அருகில்தான், நீலம் ஆரஞ்சின் அருகில் என்பதுபோல, முழு வீச்சோடு தெரியும் என்னும் அந்த உண்மையைப் பிரெஞ்சு ஓவியர்கள் ஜார்ஜ் சூராவும் பால் சின்யாக்கும் 1880களில் தூரிகைக்குக் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் பார்த்த ஆரஞ்சுப் புள்ளிகளின் வேலை இதுதான். கறுப்பைக் குழைத்துப் பூசிய நிழல் செத்துக் கிடக்கும். நீலப் புள்ளிகளுக்கிடையே தெளித்த ஆரஞ்சோ, இலைகளின் வழியே கசிந்து வந்த வெயிலாக அந்த நிழலை உயிரோடு வைத்திருக்கும். ஆனால் எதிர்நிறப் புள்ளிகள் முற்றாகக் கலந்துவிடும் தொலைவில் சாம்பல்தான் மிஞ்சும். கலந்தும் கலவாத இடைத்தூரத்தில்தான் அந்த மினுக்கம் இருக்கிறது. கைபேசித் திரையில் இவ்வகை ஓவியங்கள் சோர்ந்து தெரிவதற்கும், நேரில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

உங்கள் மன அமைதிக்கும் சூராவிடமே விடை இருக்கிறது. ஒளி மிகுந்து, சிவப்பு, ஆரஞ்சு போன்ற வெப்ப நிறங்கள் ஓங்கி, கோடுகள் மேலெழுந்தால் மகிழ்ச்சி. இருளும் நீலம் போன்ற குளிர்நிறங்களும் ஓங்கி, கோடுகள் கீழிறங்கினால் துயரம். வெளிச்சமும் இருளும் சமமாகி, வெம்மையும் குளிர்மையும் சமமாகி, கோடுகள் கிடையாகப் படுத்திருந்தால் அமைதி என்று 1890இல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஏரி ஓவியத்தில் கரையும் நீர்மட்டமும் கிடைக்கோடுகள். நிழலின் நீலத்துக்கு ஈடாக ஆரஞ்சும் இருந்திருக்கிறது. நிறம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இந்தச் சமநிலைதான் உங்களைத் தொட்டது என்று நினைக்கிறேன்.

சூரா அதே ஆண்டில் தீட்டிய, வட பிரான்ஸின் கிராவ்லின் ஊர்க் கால்வாயின் மாலைக் காட்சி நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கரையில் நங்கூரமும் விளக்குக் கம்பமும் நிற்க, அவற்றுக்குப் பின்னால் தண்ணீர் கிடைமட்டமாக நீண்டு, மங்கும் ஒளியில் அசையாமல் கிடக்கிறது.