கணவர் களைக்கொல்லி அடிக்கிறார், குழந்தை இல்லை. அதுதான் காரணமா?

தோட்டத்தில் மருந்து அடிக்கும் கணவர், மூன்று ஆண்டுகளாகக் குழந்தை இல்லை, களைக்கொல்லிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி. இருக்கலாம். ஆனால் எந்த மருந்து என்று தெரியாமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இங்கே பலர் 'பாராகுவாட் என்ற களைக்கொல்லி போய்விட்டது, இனிப் பயமில்லை' என்கிறார்கள். 2020 ஜனவரி முதல் அதற்கு மலேசியாவில் தடை, உண்மைதான். ஆனால் அது முக்கியமாக நுரையீரலைக் கெடுத்துக் கொல்லும் நஞ்சு. குழந்தைப்பேறு பற்றிக் கேட்டால், செம்பனைத் தோட்டங்களில் இன்று புழங்கும் குளுபோசினேட் என்ற களைக்கொல்லியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விலங்குச் சோதனைகளை வைத்து, இனப்பெருக்கத் திறனைக் கெடுக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே அதன் அனுமதி 2018இல் முடிந்துவிட்டது. இங்கே கடையில் கிடைக்கிறது. புட்டியில் இருக்கும் வண்ணப்பட்டை உடனடி நச்சின் அளவைத்தான் காட்டும். கருப்பைக்கும் விந்தணுவுக்கும் தனி வண்ணம் கிடையாது.

கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லி பற்றிய சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. கனடாவின் ஒன்டாரியோ விவசாயக் குடும்பங்களிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வு, கருத்தரிப்பதற்கு முந்தைய மாதங்களில் அதனுடன் தொடர்பு இருந்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆனால் எல்லாம் அவர்கள் நினைவிலிருந்து சொன்னவை என்பதால் அதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு எரிச்சல் வேறிடத்தில். மனைவியைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப்போய் நேர்த்திக்கடன் வைக்கும் குடும்பம், கணவரை ஒரு விந்தணுப் பரிசோதனைக்கு அனுப்பாது. முதலில் அவரை அனுப்புங்கள். முடிவு சரியில்லை என்றாலும் மருந்தின்மேல் மட்டும் பழி போடாதீர்கள். விதைப்பையில் இரத்தக்குழாய்ப் புடைப்பு, சர்க்கரை நோய், சிகரெட் எல்லாம் காரணமாகலாம். மருத்துவரிடம் போகும்போது புட்டி லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். 'புல் மருந்து' என்று மட்டும் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. தெளிக்கும்போது மட்டுமல்ல, கலக்கும்போது கையில் படுவதுதான் மோசம், ஏனென்றால் அப்போது அது கெட்டியாக இருக்கும். என் அம்மா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து அடித்தவர். முதுகில் டின் ஒழுகி ரவிக்கை நனைந்தபடியே மாலைவரை நிற்பார். கையுறை கொடுத்தார்களா என்று கேட்டால் இன்றும் சிரிக்கிறார். உங்கள் கணவரின் வேலைச் சட்டையை நீங்கள் கையால் துவைக்காதீர்கள். மற்றத் துணிகளோடும் சேர்க்காதீர்கள்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் மூன்று மாதத்துக்காவது குலை வெட்டும் வேலைக்கு மாற்றித் தரும்படி மண்டோரிடம், அதாவது வேலையை மேற்பார்க்கிறவரிடம், கேட்கச் சொல்லுங்கள். அதன்பின் மறுபடியும் பரிசோதித்தால், முதல் முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீங்களும் அதே தோட்டத்தில் மருந்து கலக்குகிறவர் என்றால், கருத்தரித்தபின் நிறுத்திக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள், இப்போதே விலகிவிடுங்கள்.