காலத்தொடரில் (கால வரிசையில் எடுத்த அளவீடுகளில்) சில பிழையானவை இருந்தால், பெரிய எச்சங்களின் செல்வாக்கைக் கட்டுப்படுத்தும் ஹூபர் மதிப்பீடு போதாதா?

எப்போதும் போதாது; பிழை தொடருக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதைப் பொறுத்தே விடை அமையும். அதிர்வு, தொடரை உருவாக்கும் செயல்முறைக்குள்ளேயே விழுந்திருந்தால், அடுத்து வரும் மதிப்புகளும் அதைப் பின்தொடரும். ஒரே ஒரு எச்சம் (உண்மை மதிப்புக்கும் மாதிரி கணித்ததற்கும் உள்ள வேறுபாடு) மட்டும் பெரிதாகும், அதை ஹூபர் முறை நன்றாகவே அடக்கிவிடும். 1972இல் புள்ளியியலாளர் ஃபாக்ஸ் பிரித்துக்காட்டிய மற்றொரு வகையே உண்மையான தொல்லை: செயல்முறை இயல்பாக ஓட, அளவீடு மட்டும் கெடுகிறது.

சராசரி 0, மாறுபாடு 1, முதல்வரிசைக் கெழு (ஒரு மதிப்பு அதற்கு முந்தியதை எவ்வளவு சார்ந்துள்ளது என்பது) 0.8 கொண்ட 100 புள்ளிகளில், ஒன்றின் மேல் 10 என்ற பிழை ஏறிவிட்டதாகக் கொள்வோம். எச்சங்களின் வர்க்கக் கூட்டலைச் சிறிதாக்கும் மீச்சிறு வர்க்க முறையில் கெழு ஒரு பின்னமாகக் கிடைக்கிறது. அதன் பகுதி (புள்ளிகளின் வர்க்கங்களின் கூட்டல்) ஏறத்தாழ 100இலிருந்து 200ஆக உயர, தொகுதி (அடுத்தடுத்த புள்ளிகளின் பெருக்கற்பலன்களின் கூட்டல்) சராசரியாக மாறாதிருப்பதால், மதிப்பீடு 0.4 அருகே சரிந்துவிடுகிறது. ஒரே புள்ளி செய்யும் சேதம் இது!

கெட்ட புள்ளி ஒருமுறை விளைவாகவும் அடுத்த கணம் அடுத்த மதிப்பைக் கணிக்கும் காரணியாகவும் வருகிறது. முந்தைய பி மதிப்புகளைக் கொண்டு கணிக்கும் பி வரிசை மாதிரியில் பி+1 எச்சங்கள் கெடுகின்றன. ஹூபர் எச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, காரணியின் நெம்புவிசையை (வழக்கத்துக்கு மாறான காரணி மதிப்பு கெழுவைத் தன் பக்கம் இழுக்கும் வலிமையை) தொடுவதில்லை. காரணிக்கும் எடை குறைக்கும் பொதுமைப்படுத்திய முறைகள் உதவும், ஆயினும் வரிசை கூடக்கூட அவற்றின் தாங்குதிறன் தளர்கிறது.

ஆகவே நான் விரும்புவது வடிகட்டி வழியே: ஒவ்வொரு புள்ளியையும் முந்தியவற்றிலிருந்து கணித்து, வேறுபாடு மிகையானால் கணித்த மதிப்பை நோக்கி இழுத்து, அவ்வாறு கிடைக்கும் எச்சங்களின் உறுதியான (ஒருசில பெரிய மதிப்புகளால் குலையாத) பரவலளவைச் சிறிதாக்கும் கெழுவைத் தேர்வது. ஐயத்துக்குரிய புள்ளியை வெறுமனே நீக்கி இருபுறத்தையும் ஒட்டிவிடாதீர்கள்; கால இடைவெளி குலைந்துவிடும். அதை விடுபட்ட மதிப்பாகக் கருதி, புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கணித்துத் திருத்திச் செல்லும் கால்மன் வடிகட்டியிடம் ஒப்படைப்பதே முறை.