அம்மாவின் ரேகை

கேள்வி: சத்துவாச்சாரியில் மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். காட்பாடியில் 7 லட்சம் ரூபாய் போக்கியத்துக்கு ஒரு வீடு வருகிறது; மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. தனிநபர் கடன் கேட்டேன், இரண்டு வங்கியிலும் கைவிரித்துவிட்டார்கள். சொந்த வீடு இருந்தால் அடமானக் கடன் உடனே தருவார்களாம். குடியாத்தத்தில் அம்மா பெயரில் வீடு இருக்கிறது. அம்மாவும் அக்காவும் அதில்தான் இருக்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, கேட்டால் ரேகை வைத்துவிடுவார். 12 சதவீதம் என்றாலும் மாதம் 7,000தான் வட்டி. வாடகைக்காரனுக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ஓரவஞ்சனையைப் பிறகு பேசுவோம். 'கேட்டால் ரேகை வைத்துவிடுவார்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே தம்பி, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவுக்கு அந்தப் பத்திரத்தை யார் படித்துக் காட்டப் போகிறார்கள்? நீங்கள்தான். பணம் தேவைப்படுகிறவரே படித்துக் காட்டினால் எந்த வரியை அழுத்திப் படிப்பார், எதை விழுங்குவார்? தவணை நின்று கடன் வாராக்கடனாகிவிட்டால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்தலாம். இதை அம்மாவிடம் சொல்வீர்களா? அக்காவிடம்?

வாடகைக்காரருக்குக் கடன் சுருங்கியது உண்மை. தனிநபர் கடன் மாதிரியான ஈடில்லாத நுகர்வோர் கடனுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. வீட்டுக்கடன், கல்விக்கடன், வாகனக்கடன், நகைக்கடனுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் வீட்டுக்காரருக்குச் சுலபமாகக் கிடைக்கிறது என்று பொறாமைப்படாதீர்கள். அவர் தன் கூரையைக் கொடுத்துவிட்டு வாங்குகிறார். நீங்கள் கொடுக்க நினைப்பது வேறு இரண்டு பெண்களின் கூரையை.

கணக்கும் தப்பு. 7,000 என்பது வெறும் வட்டி. அசலோடு பத்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை 10,000 ரூபாயைத் தாண்டும். இப்போது கொடுக்கும் வாடகையே குறைவு.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அந்த 7 லட்சம் போக்கியம் முடியும்போது திரும்பி வரவேண்டும். காட்பாடி வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா? அந்த வீட்டின் சொந்தக்காரரும் ஏற்கெனவே அதை வங்கியில் அடமானம் வைத்திருந்தால், உங்களுக்கு முன்னால் வங்கிதான் நிற்கும். போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சம்மதிக்கிறாரா? முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இந்த ஊரில் போக்கியப் பணத்துக்காக வருடக்கணக்கில் அலைகிறவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. யாரோ ஒருவர் வாக்குத் தவறினால் குடியாத்தத்தில் உங்கள் அம்மா தெருவுக்கு வர வேண்டுமா?

வாடகைக்காரரிடமும் ஈடு உண்டு. வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கியிலோ வையுங்கள். இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. மனைவி மகளிர் குழுவில் இருந்தால் அங்கேயும் கேட்கலாம். இதெல்லாம் சேர்ந்தும் 7 லட்சம் தேறாது, தெரியும். தேறாவிட்டால் போக்கியம் வேண்டாம், சத்துவாச்சாரியிலேயே இருங்கள். மீட்டர் வட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

பெற்றவளின் வீடு அவள் கண்மூடும்வரை அவளுடையது. மகன் அதைக் காவல் காக்க வேண்டும், கடனுக்கு வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போய் வாருங்கள். கடன் பேச்சை எடுக்காதீர்கள். கூரை எங்கேயாவது ஒழுகுகிறதா, வீட்டு வரி கட்டியாயிற்றா என்று அக்காவிடம் கேளுங்கள்.