அடைப்புக்குறிக்குள் ஓர் அம்மா

கேள்வி: அக்கா, எனக்கு வயது 48. பாளையங்கோட்டையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மாவுடன் இருக்கிறேன். எங்கள் வட்டாரத் திருச்சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் உறுப்பினர். வாரத்தில் மூன்று சாயங்காலம் கோவில் வேலையிலேயே போய்விடும். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். போன திருச்சபைத் தேர்தலில் நடந்த சண்டைக்குப் பிறகு கோவிலுக்கு வருவதில்லை. மகள் பிளஸ் டூ. வருகிறாள், ஆனால் மனமெல்லாம் செல்போனில். குடும்ப ஜெபம் கொரோனாவுக்குப் பிறகு நின்றுவிட்டது. (அம்மா மட்டும் ராத்திரி 8 மணிக்குத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுவார்கள்.) விசுவாசம், குடும்பம், சபை வாழ்க்கை பற்றிப் பிள்ளைகள் படிக்கத் தகுந்த 10 புத்தகங்கள் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படிக்கும்போது மனதுக்குள் புத்தகங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாம் தரம் அந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போக முடியவில்லை. கமிட்டிக்கு ஒரு வரி, தேர்தலுக்கு ஒரு வரி, செல்போனுக்குக்கூட ஒரு வரி கொடுத்த நீங்கள், பெற்ற தாயைப் பிடித்து அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கதவை அவர்கள் ஏன் சாத்துகிறார்கள்? கேட்டீர்களா? எட்டு மணிக்கு உங்கள் ஹாலில் டிவி ஓடும். வயதான குரலில் இழுத்து இழுத்துப் பாடும் ஞானப்பாட்டு அதற்கு இடைஞ்சல். யாராவது ஒரு நாள் ‘கொஞ்சம் மெதுவா பாட்டி’ என்றிருப்பீர்கள். சொல்லக்கூட வேண்டாம், டிவி சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினாலே போதும், வயதானவர்களுக்குப் புரிந்துவிடும். என் ஊகம் தப்பென்றால் மன்னியுங்கள். ஆனால் 20 வருஷமாக இந்த மாதிரிக் கடிதம் படிக்கிறவள் நான். சாத்திய கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சங்கடம் இருக்கிறது.

‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தைக் காட்டிக்கொண்டு வராதீர்கள். அது வீதிச் சந்தியில் நின்று ஊர் பார்க்க ஜெபிக்கிறவர்களுக்குச் சொன்னது. உங்கள் அம்மாவுக்கு அந்த வியாதி இல்லை. வாரத்தில் மூன்று நாள் கோவிலில் தென்படுகிறவர் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு இரண்டாம் நிருபம் எழுதும்போது, உன்னிடம் இருக்கிற விசுவாசம் முந்தி யாரிடம் இருந்தது தெரியுமா என்று பெயர் சொல்லிச் சொல்கிறார்: பாட்டி லோவிசாள், அப்புறம் தாய் ஐனிக்கேயாள். அப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் கிரேக்கர் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வார்த்தை வருகிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் லோவிசாள் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் என்னிடம் பட்டியல் கேட்கிறீர்கள்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது. பத்து தர மாட்டேன். பத்து வாங்கினால் கண்ணாடி அலமாரிக்குத்தான் போகும். மூன்று.

முதலாவது உங்களுக்கு. 1528-ல் ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் சாக்சனி நாட்டுச் சபைகளைப் போய்ப் பார்த்தார். ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆடிப்போனவர் அடுத்த வருஷமே ‘சிறிய ஞானோபதேசம்’ என்ற கேள்வி-பதில் நூலை எழுதினார். அதில் பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே, வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகச் சொல்லிக்கொடுக்கும் விதம் என்று போட்டிருக்கிறார். உபதேசியார் என்றோ ஞாயிறு பள்ளி டீச்சர் என்றோ போடவில்லை. காலை ஜெபம், இரவு ஜெபம், சாப்பாட்டு மேஜை ஜெபம் எல்லாம் உள்ளே இருக்கிறது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். நாம் லூத்தரன் இல்லையே என்று தயங்க வேண்டாம்.

இரண்டாவது எல்லோரும் சேர்ந்து படிக்க: மோட்சப் பிரயாணம். ஜான் பன்யனின் இந்தப் புத்தகத்தை ஞாயிறு பள்ளியில் படத்தோடு பார்த்திருப்பீர்கள். ஆனால் 1678-ல் வந்த முதல் பாகத்தில் கதாநாயகன் கிறிஸ்தியான் மோட்சத்துக்குப் புறப்படும்போது என்ன செய்கிறான் என்று கவனித்தீர்களா? பெண்டாட்டி பிள்ளைகள் பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, காதில் விரலை வைத்துக்கொண்டு ‘ஜீவன், ஜீவன்’ என்று கத்தியபடி ஓடுகிறான். எனக்குச் சின்ன வயதிலேயே அந்த இடம் பிடிக்காது. 1684-ல் பன்யன் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் அந்த மனைவியும் நான்கு மகன்களும் அதே பாதையில் மெள்ள மெள்ள நடந்து போகிறார்கள். நம் வீடுகளில் முதல் பாகம்தான் பிரபலம். நீங்கள் இரண்டாம் பாகத்தில் தொடங்குங்கள். கமிட்டிக் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அது நல்லது.

பன்யனின் கதையைத் தமிழ்க் காவியமாக்கியவர் உங்கள் சீமைக்காரர், கிருஷ்ணப் பிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894-ல் வந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 3,000 பாட்டுக்கும் மேல். முழுசும் உங்களால் முடியாது. நடுநடுவே தேவாரம் என்று இசைப்பாட்டுகள் வரும், அவற்றை மட்டும் எடுங்கள். அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள். இரண்டொன்று புத்தகத்தைப் பார்க்காமலே வரக்கூடும்.

மூன்றாவது உங்கள் மகனுக்கு. ஜெர்மனியில் ஹிட்லர் காலத்தில் போன்ஹோஃபர் என்ற போதகர் ஒரு சிறு குருமடம் நடத்தினார். 1937-ல் போலீஸ் அதை மூடியது. அங்கே ஒன்றாக வாழ்ந்ததைப் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகம் 1939-ல் வந்தது. ஆங்கிலத்தில் ‘லைஃப் டுகெதர்’ என்று கிடைக்கும். சபை இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கனவைச் சபையைவிட அதிகமாக நேசிக்கிறவன் சபையை உடைத்துவிடுவான் என்கிறார். தேர்தல் பார்த்து மனம் வெறுத்த பிள்ளைக்கு இது உறைக்கும். இன்னொரு இடம் உங்களுக்கானது. ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய முதல் ஊழியம் காது கொடுப்பதாம். சகோதரனுக்குக் காது கொடுக்காதவன் சீக்கிரம் கடவுளுக்கும் காது கொடுக்க மாட்டானாம். அந்தச் சண்டையில் அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்று உங்கள் மகனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவனிடம் ஒரு தடவையாவது பேசினீர்களா? அதைச் செய்யாமல் புத்தகத்தைக் கையில் திணித்தால் அவன் பிரிக்க மாட்டான், நானும் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

என் அப்பா குடும்ப ஜெபத்தில் ஊர், உலகம், மிஷனெரிகள், மழை என்று ஒரு சுற்று சுற்றி வருவார். நான் முழங்காலிலேயே தூங்கிவிடுவேன். அம்மா கண்ணைத் திறக்காமலே என் தொடையைக் கிள்ளுவார். வாசித்த அதிகாரங்களில் பாதி மறந்துபோயிற்று. ஆனால் பஸ் ஏறும்போதெல்லாம் ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக’ என்று 121-ஆம் சங்கீதம் தானாக வாயில் வருகிறது. யாரும் வாங்கிக் கொடுத்த புத்தகத்திலிருந்து வந்ததில்லை அது.

இன்று ராத்திரி 8 மணிக்கு டிவியை அணைத்துவிட்டு அம்மா அறைக் கதவைத் தட்டுங்கள். ‘வாங்கம்மா, ஹாலில் குடும்ப ஜெபம்’ என்று அவர்களை இழுத்துவராதீர்கள். நீங்கள் உள்ளே போங்கள். உட்காரலாமா என்று கேளுங்கள். கட்டில் அவர்களுக்கு, நீங்கள் தரையில். பாட்டு நம்பரை அவர்கள் சொல்லட்டும், பாட்டை அவர்களே எடுக்கட்டும், எவ்வளவு மெதுவாகப் பாடினாலும் நீங்கள் முந்திக்கொண்டு ஓட வேண்டாம். பிள்ளைகளை முதல் வாரம் கூப்பிடவே வேண்டாம். கதவு மட்டும் திறந்திருக்கட்டும்.

கமிட்டிக் கூட்டமும் அதே நேரத்தில்தான் இருக்கும், தெரியும். போன மாதக் கணக்கை வேறு யாராவது வாசிப்பார்கள்.